கயிறு டீச்சர் சொன்ன பொய்

உலகத்தில் கயிறு டீச்சர் நம்பியது இரண்டே விஷயங்களைத்தான். ஒன்று, லாரியில் தார்ப்பாய் கட்டுகிற கயிறு. இன்னொன்று, தப்புச் செய்துவிட்டுத் தானாகவே கை தூக்குகிற பிள்ளை. கடவுள், கல்வித்துறை, டவுன் பஸ், நான் ஆகிய நால்வரையும் அவர் நம்பியதற்கு இன்று வரை எனக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

அவருக்கு அப்பா அம்மா வைத்த அழகான பெயர் ஒன்று உண்டு. சம்பளம் வாங்குகிற இடத்தில் மட்டும் அது செல்லுபடியானது. மற்றபடி ஊரில் கேட்டால், "ஆரு, கயித்து டீச்சருங்களா?" என்பார்கள். ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற ரோட்டில் இறங்கி, சோளக்காட்டுக்கும் கோழிப்பண்ணைகளுக்கும் நடுவே கொஞ்சம் நடந்தால் எங்கள் தொடக்கப்பள்ளி வரும். அவர் தலைமையாசிரியர், நான் உதவி ஆசிரியர், வேறு ஆள் கிடையாது. எனவே அவர் தலைமை தாங்க என் ஒரு தலைதான் அவருக்கு வாய்த்தது.

கயிற்றின் கதை இதுதான். டீச்சரின் அண்ணன் லாரி வைத்திருந்தார். அவரிடமிருந்து தார்ப்பாய் கட்டுகிற நீளக் கயிறு ஒன்றை டீச்சர் வாங்கி வந்து, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டார். ஒவ்வொரு முடிச்சிலும் பழைய சேலைத்துணி ஒரு துண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முடிச்சு. பள்ளிக்கூட கேட்டைத் தாண்டி எங்கே போனாலும் பிள்ளைகள் அவரவர் முடிச்சைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். முன்னால் டீச்சர், வால் பக்கம் நான். எனக்கும் ஒரு முடிச்சு உண்டு. பச்சைத் துணி.

"எதுக்குங்க டீச்சர் இது? புள்ளைங்க எங்க ஓடிப்போயிருவாங்க?" என்று நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"காரணமெல்லாம் பெருசா ஒண்ணுமில்லீங்க சார். புள்ளைங்க இருக்குது, ரோடு இருக்குது, லாரி இருக்குது. பத்தாதுங்களா?"

பத்தும்தான். நான் பேசாமல் என் பச்சை முடிச்சைப் பிடித்துக்கொண்டேன்.

ஒருமுறை தீயணைப்பு நிலையம் காட்டுவதற்காகப் பிள்ளைகளை ராசிபுரம் கூட்டிப் போனோம். பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் இந்த வரிசையைப் பார்த்தார். நம் ஊரில் வரிசையைப் பார்த்தால் எதற்கு என்று கேட்பதற்கு முன்னால் நின்றுவிடுவதுதானே வழக்கம்? எனக்குப் பின்னால் தொங்கிய கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான், "ஏனுங்க, ரேசனுங்களா, மருத்துவ முகாமுங்களா?" என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் டீச்சர் முன்னாலிருந்து திரும்பாமலே குரல் கொடுத்தார்: "பொறத்தாண்ட பேச்சு வேண்டாம். முடிச்ச உடாம வரோணும்!" பெரியவர் வாயை மூடிக்கொண்டு தீயணைப்பு நிலையம் வரை வந்தார். வண்டியைத் தொட்டுப் பார்த்தார், மணியை அடித்துப் பார்த்தார், பிஸ்கட் சாப்பிட்டார். போகும்போது, "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க டீச்சர். அடுத்த தடவை எங்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கயிற்றைப் பற்றி மேலிடத்துக்குப் புகார் போயிற்று. அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். "என்னம்மா, பிள்ளைகளை ஆட்டுக்குட்டி மாதிரி கயித்துல கட்டிக் கூட்டிட்டுப் போறீங்களாமே?"

"கட்டறதில்லீங்க சார், அவியளே புடிச்சுட்டு வாரதுங்க. அப்புறம், ஆட்டுக்குட்டின்னாச் சாயங்காலம் பட்டியில எண்ணிப் பாத்துத்தான் அடைப்பாங்க. அந்த மருவாதியாச்சும் புள்ளைங்களுக்கு வேணுமுங்களே."

அதிகாரி டீயைக் குடித்தார். பிறகு வேறு எதையும் ஆய்வு செய்யாமல் போய்விட்டார்.

இனி, கை தூக்குவது. டீச்சரின் வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான். தப்புச் செய்தவர் கை தூக்க வேண்டும். தூக்கிவிட்டால் அடி கிடையாது, திட்டு கிடையாது, அதோடு பேச்சு முடிந்தது. அதன் பிறகு அந்தத் தப்பைப் பற்றி ஒருவரும் வாயெடுக்கக் கூடாது. ஒரு நாள் தொட்டித் தண்ணீர் மொத்தமும் ஓடிப்போய்விட்டது. "ஆரு கொழாய மூடாம உட்டது?" என்று டீச்சர் வகுப்பில் கேட்டார். ஒரு கையும் எழவில்லை. டீச்சரின் பார்வை மெல்ல நகர்ந்து கடைசியில் என் மேல் வந்து உட்கார்ந்தது. நான் பட்டதாரி, குடும்பஸ்தன், கடன் அட்டை வைத்திருக்கிறவன். கை தூக்கினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். "அதோட ஆச்சு," என்றார் டீச்சர். ஆகத்தான் செய்தது. அன்றைக்கு இருந்த நிம்மதி எனக்கு அதற்கு முன்பும் பின்பும் கிடைத்ததில்லை.

அவருக்குப் பொய் சொல்ல வராது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அப்பா வந்து, "சாப்பாடெல்லாம் எப்படிங்க டீச்சர்?" என்று உபசாரத்துக்குக் கேட்டால், "ரசத்துல உப்பு இல்லீங்க" என்பார். ஆபீசிலிருந்து போன் செய்து, "ஸ்கூல் எல்லாம் நல்லாப் போகுதுங்களா மேடம்?" என்றால், "இல்லீங்க" என்பார். மறுமுனையில் இருப்பவருக்கு மேற்கொண்டு என்ன கேட்பது என்றே தெரியாது. இந்த மனுஷி ஒரு நாள் முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பொய் சொன்னார். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

சேலத்தில் ஒரு பழைய பெரிய வீட்டை ஓவியக்கூடமாக மாற்றியிருந்தார்கள். கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு நாள் பயிற்சிப் பட்டறை நடத்துவதாகவும், வேன் அனுப்புவதாகவும், சாப்பாடு போடுவதாகவும் எனக்குப் போன் வந்தது. நான் துள்ளிக் குதித்துக்கொண்டு போய் டீச்சரிடம் சொன்னேன்.

"அங்க கெணறு இருக்குதுங்களா?"

"டீச்சர், அது படம் மாட்டி வெச்சிருக்கற இடமுங்க."

"படம் மாட்டுன ஊட்டுல கெணறு இருக்காதுங்களா? மாடி இருக்குதா? கைப்பிடிச் சுவரு எத்தன ஒசரம்?"

நான் திரும்பப் போன் செய்து கைப்பிடிச் சுவரின் உயரத்தைக் கேட்டேன். அந்தப் பக்கத்தில் இருந்தவர் அளந்து சொன்னார். பாவம், நல்ல மனுஷர்.

போனால் எல்லாப் பிள்ளைகளும் போக வேண்டும் என்பது டீச்சரின் கட்சி. ஒரே ஒரு பிள்ளை வரவில்லை என்றது. ரீனா. நான்காம் வகுப்பு. அவள் அப்பாவும் அம்மாவும் ஒடிசாவிலிருந்து வந்து பக்கத்துக் கோழிப்பண்ணையில் வேலை செய்கிறவர்கள். பண்ணைக்குள்ளேயே தகரக் கொட்டகையில் வீடு. ரீனா பேசுவதைக் கேட்டால் பரமத்தி பக்கத்துக் கவுண்டர் வீட்டுப் பிள்ளை என்று சத்தியம் செய்வீர்கள். அவள் அம்மா சபிதாவுக்குத்தான் தமிழ் அரைகுறை. அம்மா அனுப்பமாட்டேன் என்கிறாள் என்று பிள்ளை சொல்லவும், டீச்சர் என்னையும் இழுத்துக்கொண்டு பண்ணைக்குப் போனார்.

பண்ணைக் கேட்டில், கோழிகளுக்கு நோய் தொற்றாமலிருக்க வைத்திருந்த மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டு உள்ளே போனோம். சபிதா காலி முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று அவர் மொழியில் நீளமாகப் பேசினார். ரீனா நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். தன்னைப் பற்றிய குற்றப்பத்திரிகையைத் தானே வாசிக்க வேண்டிய நிலைமை பிள்ளைக்கு.

"அம்மா சொல்லுதுங்க, என்ற கை சும்மா இருக்காதாமா. எதையாச்சும் எடுத்து எதையாச்சும் பண்ணிப்போடுவனாமா."

"செரி, பண்ணட்டும். அதுக்கென்ன?"

சபிதா தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்சம் பேசினார். இந்த முறை ரீனா மெதுவாகச் சொன்னாள். "உங்கூட்டுப் புள்ள தப்புப் பண்ணுனா, புள்ள தப்புப் பண்ணிருச்சும்பாங்களாமா. நாங்க பண்ணுனா, வடக்கத்தி ஆளுங்களே இப்படித்தான்னு சொல்லுவாங்களாமா. முன்னால இருந்த எடத்துல ஒரு தடவ அப்படிச் சொல்லித்தான் எங்கள அனுப்பிப்போட்டாங்க. அப்படி ஒரு பேச்சு இங்கயும் வந்துச்சுன்னா, இனி பள்ளிக்கூடமே வேண்டாம், ஊட்டுலயே இருன்னு சொல்லுதுங்க."

டீச்சர் ஓரடி முன்னால் வந்தார். பிறகு சபிதாவின் கையைப் பிடித்தார். "இதா பாரு சாமி. உன்ற புள்ள மேல ஒரு சொல்லு உழுகாம நான் கொண்டாந்து உடறேன். போதுமா?"

ரீனா அதை மொழிபெயர்த்தாள். சபிதா டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையசைத்தார். அந்த வாக்கு எவ்வளவு பெரியது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. டீச்சருக்குத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

ஓவியக்கூடத்து வாசலிலேயே முதல் அடி விழுந்தது. பட்டறை நடத்துகிற தம்பி குடுமி போட்டிருந்தார், காதில் கடுக்கன். நல்ல பிள்ளை, சிரித்த முகம். கயிற்றைப் பார்த்ததும், "மேடம், இது உள்ள வேண்டாமே. சிற்பத்துல எல்லாம் மாட்டிக்கும்," என்றார். டீச்சர் அவரைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கயிற்றைச் சுருட்டி காவலாளியிடம் கொடுத்தார். ஆபரேஷன் தியேட்டருக்குள் போகிறவர் தாலியைக் கழற்றிக் கொடுப்பது மாதிரி கொடுத்தார்.

உள்ளே பாய் விரித்து உட்கார வைத்தார்கள். குடுமித் தம்பி கைகளை விரித்துக்கொண்டு பேசினார். "குட்டீஸ், இங்க தப்புன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. சரியா? உங்க கை என்ன சொல்லுதோ அதைச் செய்யுங்க. எடுங்க, மாத்துங்க, அடுக்குங்க, கலைங்க. யாரும் உங்களை ஒண்ணும் கேட்க மாட்டாங்க!"

டீச்சர் என் காதருகே வந்தார். "ஏனுங்க சார், தப்பே இல்லைங்கறாரே, நாளைக்கு இவிய என்ற கையில அடங்குவாங்களாங்க?"

"அது வந்து டீச்சர், கலைன்னா அப்படித்தானுங்க."

"என்னமோ போங்க."

வரைவதற்கு முன்னால் பாத்ரூம் போய்விட்டு வரட்டும் என்று முடிவானது. பாத்ரூம் பின்கட்டில். அதற்கு ஒரு பெரிய கூடத்தைத் தாண்டிப் போக வேண்டும். டீச்சர் புது இடத்துத் தாழ்ப்பாள்களை நம்புவதில்லை. எனவே கதவை வெளியிலிருந்து தானே பிடித்துக்கொண்டு நின்று, ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார். முடித்த பிள்ளைகளும் முடிக்கப்போகிற பிள்ளைகளும் கூடத்தில் காத்திருந்தார்கள். நான் முன்னறையில் ஒரு பெரிய ஓவியத்தின் முன்னால் நின்று, எது மேல் எது கீழ் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கூடத்தில் ஒரு வீடு இருந்தது. முழுக்க முழுக்க முட்டை அட்டையால் கட்டிய வீடு. இரண்டு பேர் உள்ளே உட்காரலாம், அவ்வளவு பெரிது. சேலத்தைச் சேர்ந்த இளம் கலைஞர் ஒரு பெண் மாதக்கணக்காகக் கட்டியது. மறுநாள் சாயங்காலம் அதற்குத் திறப்பு விழா. அதில் விசேஷம் என்னவென்றால் பசை கிடையாது, நூல் கிடையாது. வெறுமனே அடுக்கியே கட்டியது.

எங்கள் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு முட்டை அட்டையைப் பற்றி ஒன்று தெரியும். காலி அட்டையை ஒரே வாக்கில் வைத்தால் ஒன்றுக்குள் ஒன்று அடக்கமாக உட்கார்ந்துவிடும். குறுக்கே திருப்பி வைத்தால் உட்காராது, எம்பிக்கொண்டு நிற்கும். பண்ணையில் காலி அட்டையை எவனாவது குறுக்கே அடுக்கினால் நல்ல திட்டு வாங்குவான். இடத்தை அடைக்கும், வண்டியில் ஏறாது. அந்தப் பெண்ணோ வீட்டையே குறுக்கே திருப்பித் திருப்பி வைத்துத்தான் எழுப்பியிருந்தாள்.

ரீனா அதைப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு வீடு தெரியவில்லை. யாரோ வேலை தெரியாதவன் அத்தனை அட்டையையும் தப்பாக அடுக்கிவிட்டுப் போயிருந்ததுதான் தெரிந்தது. உங்கள் கை சொல்வதைச் செய்யுங்கள் என்று வேறு அரை மணிக்கு முன்னால் சொல்லியிருக்கிறார்கள். முதல் அட்டையை எடுத்தாள். நேராக வைத்தாள். மற்ற பிள்ளைகளும் பண்ணை ஊர்ப் பிள்ளைகள்தானே? எல்லோரும் ஒட்டுக்காச் சேர்ந்துகொண்டார்கள். சத்தமில்லை, சண்டையில்லை. எங்கள் பிள்ளைகள் அவ்வளவு ஒழுங்காக அதற்கு முன் ஒரு வேலையையும் செய்தது கிடையாது. இதெல்லாம் பிற்பாடு அவர்களே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் கூடத்துக்கு வந்தபோது வீடு இல்லை. சுவரோரமாக வரிசையாக அட்டைக் கட்டுகள் நின்றன, வண்டியில் ஏற்றத் தயாராக. நடுவில் தரை காலியாக இருந்தது. ஒரு பிள்ளை கையாலேயே தூசி கூட்டிக்கொண்டிருந்தது.

அதே நேரத்தில் வீட்டைக் கட்டிய அந்தப் பெண் டீ கிளாசோடு உள்ளே வந்தாள். நின்றாள். டீயைத் தரையில் வைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலையே என்று இருந்தது.

குடுமித் தம்பி ஓடி வந்தார். சிரித்த முகம் எங்கே போயிற்றோ! "யாரு? யாரு பண்ணது இது? யாரு முதல்ல கை வெச்சது?"

கவின் என்று ஒரு பையன். நெஞ்சில் வஞ்சகம் இல்லாதவன். கேள்வி கேட்டால் பதில் சொல்லிப் பழகியவன். "ரீனாதானுங்க மொதல்ல எடுத்துச்சு," என்றான்.

எல்லோரும் ரீனாவைப் பார்த்தார்கள். கதவோரம் நின்ற காவலாளி, "வடக்கத்திப் புள்ளையா? அதான பாத்தேன்," என்றார்.

அந்தச் சொல் விழுந்துவிட்டது. எந்தச் சொல் விழக் கூடாது என்று சபிதா பயந்தாரோ, அதே சொல். ரீனாவுக்குத் தமிழ் புரியாமல் இருந்திருக்கலாம் என்று என் வாழ்க்கையில் முதல்முறையாக ஆசைப்பட்டேன். பிள்ளையின் முகம் செத்துப்போயிருந்தது.

டீச்சர் பாத்ரூம் கதவை விட்டுவிட்டு நடுக்கூடத்துக்கு வந்தார்.

"நாந்தாங்க சொன்னேன்," என்றார். "அட்டையெல்லாம் தாறுமாறாக் கெடக்குது, எடுத்து அடுக்குங்க சாமின்னு நாந்தான் சொன்னேன். ஆரையும் ஒண்ணும் சொல்லாதீங்க. என்னையச் சொல்லுங்க."

நான் அவர் விட்டுவிட்டு வந்த கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"இல்லீங்க டீச்சர்," என்றான் கவின். "நீங்க பாத்ரூம் கதவப் புடிச்சுட்டு நின்னீங்க."

"ஆமாங்க டீச்சர், நீங்க ஒண்ணுமே சொல்லலீங்க," என்றது இன்னொரு பிள்ளை.

"நீங்க சத்தமே போடலீங்க டீச்சர்," என்று மூன்றாவது ஒன்று ஆறுதலாகச் சொன்னது.

அவர்கள் மேல் தப்பே இல்லை. டீச்சர் வாயில் பொய் வரும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? டீச்சருக்கு மறந்துவிட்டது, ஞாபகப்படுத்துகிறோம் என்றுதான் நினைத்தார்கள். டீச்சரின் முகம் ரத்தமாகச் சிவந்தது. பொய் சொல்வது அவருக்கு அனுபவம் இல்லாத வேலை.

அப்போது ரீனா கை தூக்கினாள். "நானுங்க டீச்சர். மொதல்ல நான்தானுங்க எடுத்தேன்."

அவள் தூக்கியதும் கவின் தூக்கினான். "நானும் அடுக்குனனுங்க." அப்புறம் அவனுக்குப் பக்கத்தில் இருந்தவள். அப்புறம் அவளுக்குப் பக்கத்தில். எல்லாக் கையும் மேலே போயிற்று. அவ்வளவு நேரமும் பாத்ரூமுக்குள் இருந்த பையன் வெளியே வந்து, நிலைமையைப் பார்த்து, தானும் கை தூக்கினான். "நீ எதுக்குடா?" என்றேன். "வேடிக்கை பாத்துப்போட்டு வந்துதானுங்க சார் உள்ள போனேன்," என்றான். நானும் கை தூக்கினேன். ஏன் என்று கேட்காதீர்கள், பழக்கம்.

டீச்சர் குடுமித் தம்பியையும் காவலாளியையும் பார்த்துச் சொன்னார். "கை தூக்கியாச்சுங்க. எங்க பள்ளிக்கூடத்துல இதுக்கு மேல பேச்சு இல்லீங்க. இங்கயும் வேண்டாமுங்க." காவலாளி தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. தப்பே கிடையாது, கலைங்க என்று சொன்னது யார் தம்பி என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன். டீச்சர் ஒரு பார்வை பார்த்தார். என்னை ஓரமாக இழுத்து, "அவரு சொன்னதச் சொல்லி நாம தப்பிச்சுக்கலாமுங்க சார். அந்த அம்மிணி கட்டுனது திரும்பி வந்துருமுங்களா?" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு அவர் செய்ததுதான் எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது. ஆறடிக்குக் கொஞ்சம் குறைவான மனுஷி. முழங்கால் வலி வேறு. சேலையைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அம்மிணி, தப்பாப் போச்சு. மறுக்காக் கட்டிரலாமா?"

"எனக்கே மறுபடியும் வருமான்னு தெரியலீங்க."

"வரும். போட்டோ இருக்குதல்ல? இத்தன கை இருக்குது. நீ சொல்லு, இவிய செய்வாங்க. நான் பக்கத்துலயே இருக்கறேன்."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். டீச்சர் எழுந்ததும் கேட்ட முதல் பொருள் கயிறு. "அது இல்லாம ஓடியாடி அட்டையெல்லாம் மிதிச்சுப்போடுமுங்க," என்றார். காவலாளி போய்த் தானே எடுத்து வந்தார். பிள்ளைகள் கயிற்றின் ஓரமாக வரிசையாக நின்று அட்டைகளைக் கை மாற்றினார்கள். நடுவில் அந்தப் பெண் நின்று சொல்லச் சொல்ல, பெரிய பிள்ளைகள் வைத்தார்கள். ரீனாவுக்குத்தான் சிரமம். அவள் கை தானாக நேராகவே வைத்தது. ஒவ்வொரு அட்டைக்கும், "குறுக்க வெக்கோணும், குறுக்க வெக்கோணும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திருப்பினாள். இடையில் ஒருமுறை ஒரு சுவர் சரிந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை. மறுபடி அடுக்கினார்கள். அன்றைக்கு எங்கள் பிள்ளைகள் ஒரு படமும் வரையவில்லை. கொண்டு வந்த வண்ணப் பென்சில்கள் டப்பாவிலேயே கிடந்தன. குடுமித் தம்பி சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு எங்களோடு அட்டை தூக்கினார். சொன்னேனே, நல்ல பிள்ளைதான்.

வெயில் தாழ்ந்தபோது வீடு நின்றது.

"முன்னாடி இருந்த மாதிரி இல்லீங்க," என்றாள் அந்தப் பெண்.

"இல்லீங்க அம்மிணி," என்றார் டீச்சர். பொய் சொல்லும் ஆசை அவருக்கு அதற்குள் முழுதாக விட்டுப்போயிருந்தது. "எடதுபக்கம் சாஞ்சிருக்குது."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்கள். உச்சியில் ஒரே ஒரு அட்டை வைக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் ரீனாவைக் கூப்பிட்டு, இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். ரீனா அட்டையைக் குறுக்கே திருப்பி வைத்தாள். கிளம்பும்போது டீச்சர் அந்தப் பெண்ணிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "இந்தப் புள்ள பேரு மட்டும் எங்கயும் வர வேண்டாமுங்க."

"எந்தப் பேரும் வராதுங்க டீச்சர்," என்றாள் அவள்.

வேன் பிள்ளைகளை ஊரில் இறக்கிவிட்டது. ரீனாவை மட்டும் நானும் டீச்சரும் பண்ணை வரை கூட்டிப் போனோம். அவள் எங்களுக்குப் பின்னாலேயே நடந்து வந்தாள். கேட்டருகே சபிதா நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. மகளைத் தலை முதல் கால் வரை பார்த்தார். பிறகு டீச்சரிடம் திரும்பி, ஒத்திகை பார்த்து வைத்திருந்த தமிழில் கேட்டார்:

"டீச்சர், தப்புப் பண்ணலையே?"

இல்லை என்றால் பொய். ஆமாம் என்றால் நாளையிலிருந்து இந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. நான் ஏதாவது உளறி உதவலாமா என்று பார்த்தேன். டீச்சர் என்னை எதிர்பார்க்கவில்லை.

"உன்ற புள்ள இன்னிக்கு ஒரு ஊடு கட்டுனா சாமி," என்றார்.

சபிதாவுக்குப் புரியவில்லை. மொழிபெயர்க்க வேண்டிய ஆள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. டீச்சர் யோசித்தார். கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, விரல் நுனிகளைச் சேர்த்துக் கூரை மாதிரி வைத்துக்கொண்டு நின்றார். ஊரே பயப்படுகிற தலைமையாசிரியர், நடுரோட்டில், வீடாக நின்றார்.

ரீனா நிமிர்ந்து பார்த்தாள். பக்கென்று சிரித்துவிட்டாள். அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. அவள் மொழியில் மடமடவென்று அம்மாவிடம் பேசினாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் கைகள் புரிந்தன. அட்டையை நேராக வைத்துக் காட்டினாள். கீழே உட்கார்ந்த பெண்ணைக் காட்டினாள். தான் கை தூக்கியதைக் காட்டினாள். குறுக்கே திருப்பி வைத்ததைக் காட்டினாள். ஒன்றையும் மறைக்கவில்லை. சபிதாவின் முகம் கறுத்தது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. கடைசியில் டீச்சரின் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நாளைக்கு வரும், டீச்சர்," என்றார். "பள்ளிக்கூடம் வரும்."

"வரோணும். நேரத்தோட வரோணும்," என்றார் டீச்சர். குரல் மட்டும் வழக்கம்போல் கறாராக இருந்தது.

மெயின் ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றோம். இருட்டத் தொடங்கியிருந்தது. டீச்சர் மைல்கல்லின் மேல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அவர் தோள் குலுங்குகிறது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். நான் பதறிப்போனேன்.

"என்னாச்சுங்க டீச்சர்? எல்லாந்தான் நல்லா முடிஞ்சுதுங்களே!"

"புள்ளைங்க முன்னால பொய் சொல்லிப்போட்டனுங்க சார்," என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அதையும் ஒழுங்காச் சொல்லத் தெரீலீங்க."

இத்தனை வருஷம் இவரிடம் திட்டு வாங்கிக்கொண்டு, இவரைக் கேலி பேசிக்கொண்டு, இவர் பின்னாலேயே நடந்திருக்கிறேனே, எனக்கு இவர் மேல் இவ்வளவு பிரியம் இருந்திருக்கிறது என்பது அந்த ரோட்டோரத்தில்தான் எனக்கே தெரிந்தது. சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. சொன்னால் நம்ப மாட்டார்.

தூரத்தில் ராசிபுரம் பஸ்ஸின் வெளிச்சம் தெரிந்தது. டீச்சர் இன்னும் அழுது முடிக்கவில்லை. நான் கை காட்டவில்லை. பஸ் போய்விட்டது.